படகு டீசல் இன்ஜினின் குளிர்விப்பு அமைப்பு: பழுதும் பாக மாற்றமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள் படகின் உள்ளே பொருத்தப்பட்ட டீசல் இன்ஜின்களுக்கு உரியவை. படகு மிதக்கும் கடலிலிருந்தோ ஆற்றிலிருந்தோ இழுக்கப்படும் நீரை 'வெளிநீர்' என்றும், இன்ஜினுக்குள்ளேயே மூடிய சுற்றில் ஓடும் நீர்க் கலவையைக் 'கூலண்ட்' என்றும் குறிப்பிடுகிறோம். அளவுகளில் உங்கள் இன்ஜினின் கையேடு வேறு சொன்னால் கையேட்டையே பின்பற்றவும்.

என் இன்ஜின் நேரடிக் குளிர்விப்பு வகையா, மறைமுகக் குளிர்விப்பு வகையா என்று எப்படிக் கண்டுகொள்வது?

இன்ஜினின் மேற்பகுதியில் கார் ரேடியேட்டரில் இருப்பது போன்ற அழுத்த மூடி இருந்தால், அது பெரும்பாலும் மறைமுக வகை. அதில் கூலண்ட் இன்ஜினைச் சுற்றி வந்து, வெப்பப் பரிமாற்றிக்குள் தன் சூட்டை வெளிநீரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்புகிறது. அத்தகைய மூடி இல்லாமல், கடல் நீரே சிலிண்டர் பிளாக்கின் உட்பாதைகளில் ஓடி வெளியேறினால் அது நேரடி வகை. பழைய, சிறிய இன்ஜின்களில் இதை இன்னமும் காணலாம். நேரடி வகையின் தெர்மோஸ்டாட் (வெப்பம் ஏறியதும் நீருக்கு வழிதிறக்கும் வால்வு) ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே திறந்துவிடும். அதற்கு மேல் சூடேறினால் கடல் நீரின் உப்பும் சுண்ணமும் உட்சுவர்களில் வேகமாகப் படியும். மறைமுக வகையில் அந்தக் கவலை இல்லாததால் தெர்மோஸ்டாட் 70 முதல் 85 டிகிரி வரையிலான வெப்பத்தில் திறக்கும். தெர்மோஸ்டாட் வாங்கும்போது இந்த வேறுபாட்டை மறந்து, 'உருவம் பொருந்துகிறது' என்பதற்காக மற்ற வகைக்கு உரியதைப் பொருத்திவிடக் கூடாது.

வெப்பமானி முள் ஏறுகிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

முதலில் வேகத்தைக் குறைத்து, படகின் பின்புறம் சென்று, புகைக்குழாயிலிருந்து நீர் வருகிறதா என்று பாருங்கள். அடுத்து எதைத் திறக்க வேண்டும் என்பதை அந்த ஒரு பார்வையே பாதி தீர்மானித்துவிடும். நீர் மிகக் குறைவாக வந்தாலோ, வராமல் வெறும் நீராவி கிளம்பினாலோ, குறை வெளிநீர்ப் பாதையில் இருக்கிறது. அப்போது இன்ஜினை நிறுத்திவிட்டு, அடித்தளத்து நுழைவாயில், கடல்நீர் வால்வு, வடிகட்டி, பம்பு, வெப்பப் பரிமாற்றி, எக்ஸாஸ்ட் எல்போ (புகையும் வெளிநீரும் கலக்கும் வளைகுழாய்) என்று நீர் போகும் வரிசையிலேயே தேடிச் செல்லுங்கள். வரிசையைத் தாண்டி நடுவில் எதையும் கழற்ற வேண்டாம். மாறாக, நீர் வழக்கம்போலத் தாராளமாக வந்தும் முள் ஏறினால், கூலண்ட் அளவு, பெல்ட், தெர்மோஸ்டாட், சுற்றோட்டப் பம்பு ஆகிய உட்பாதைப் பாகங்களையும், பரிமாற்றிக்குள் படிந்த சுண்ணத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

நீர் திடீரென நின்றுபோன பல சமயங்களில், நுழைவாயிலை ஒரு பிளாஸ்டிக் பையோ கடற்பாசிக் கொத்தோ அடைத்திருக்கும். இன்ஜின் நின்றதும் உறிஞ்சும் விசை இல்லாமல் அது தானாகவே விலகிப் போயும் விடலாம். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் பம்பு வறண்டு ஓடியிருப்பதால், அடைப்பு நீங்கிய பின்னும் பம்பைத் திறந்து, உள்ளே சுழலும் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரைப் பார்க்காமல் பயணத்தைத் தொடர்வது சரியல்ல.

சூடாக இருக்கும் இன்ஜினின் அழுத்த மூடியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். மூடியைக் கையால் தொட்டு வைத்திருக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகே, தடித்த துணியைப் போர்த்தி, முதல் படி வரை மட்டும் திருப்பி, அழுத்தம் இறங்கிய பின் எடுக்க வேண்டும். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம்.

வெளிநீர்ப் பம்பின் இம்பெல்லரை எப்போது மாற்ற வேண்டும்? எப்படி?

ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பரவலான வழக்கம். ஓடிய மணிநேரக் கணக்கைக் கையேடு சொன்னால் எது முந்துகிறதோ அதைக் கொள்ள வேண்டும். ஓடாமல் நிற்கும் படகிலும் இம்பெல்லர் கெடுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பம்பின் உட்சுவரில் ஒரு பக்கம் மேடாக இருப்பதால், அங்கே நிற்கும் ரப்பர் இதழ்கள் மாதக்கணக்கில் மடங்கியபடியே கிடந்து, மடிந்த இடத்தில் விறைத்து, பின்னர் நிமிர மறுக்கின்றன. எனவே நீண்ட காலம் நிறுத்தி வைக்கப்போகும் படகில் இம்பெல்லரைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது. கழற்றியிருப்பதை நினைவூட்டும் அட்டை ஒன்றை ஸ்டார்ட் சாவியில் கட்டி வைக்க வேண்டும்.

மாற்றும் முன் கடல்நீர் வால்வை மூடுங்கள். சாவியை எடுத்து அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டிவிட்டால், வால்வைத் திறக்காமல் இன்ஜினை இயக்கும் தவறு நேராது. மூடித் தகட்டின் திருகுகள் சிறியவை. கழன்று விழுந்தால் இன்ஜினுக்கு அடியில் தேட வேண்டியிருக்கும் என்பதால், கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். பழைய இம்பெல்லரை வெளியே இழுப்பதற்கென்றே உள்ள இழுப்பானைப் பயன்படுத்துவது மேல். இரண்டு ஸ்க்ரூடிரைவர்களால் நெம்பினால், கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் மெல்லிய தாள்) அமரும் வெண்கல விளிம்பில் வடு விழுந்து, அதன் வழியே பம்பு காற்றை இழுக்கத் தொடங்கும்.

புதிய இம்பெல்லருக்குக் கிளிசரினோ சோப்பு நீரோ தடவுங்கள். பெட்ரோலியக் கிரீஸ், சில ரப்பர் வகைகளை உப்பச் செய்து கெடுக்கும். பம்பு சுழலும் திசையிலேயே இம்பெல்லரைத் திருகியபடி உள்ளே தள்ளினால், இதழ்கள் பின்புறமாகச் சரியாக மடங்கும். பழையதைக் கழற்றும் முன்பே அதன் இதழ்கள் எந்தப் பக்கம் மடங்கியிருக்கின்றன என்று ஒரு படம் எடுத்து வைத்தால் குழப்பம் வராது. மூடித் தகட்டின் உட்புறத்தில் வட்ட வட்டமான பள்ளங்கள் தெரிந்தால், இரு புறமும் சமமாக உள்ள தகட்டைத் திருப்பிப் போட்டு இன்னொரு காலம் ஓட்டலாம். எழுத்துகள் பொறித்த தகடாக இருந்தால் மாற்றுவதே நல்லது. கேஸ்கெட்டின் தடிமனும் முக்கியம். தடித்த தாளை வெட்டிப் போட்டால் இதழ்களின் பக்கவாட்டில் இடைவெளி விழுந்து, பம்பு நீரைத் தானாக மேலே இழுக்கும் திறனை இழந்துவிடும்.

இயக்கியவுடன் புகைக்குழாயில் நீர் வர வேண்டும். அரை நிமிடத்துக்குள் வராவிட்டால் நிறுத்துங்கள். வறண்டு சுழலும் ரப்பர் அதைவிட அதிக நேரம் பொறுக்காது.

பழைய இம்பெல்லரில் இரண்டு இதழ்களைக் காணவில்லை. புதியதைப் போட்டுவிட்டேன், அது போதாதா?

போதாது. காணாமற்போன இதழ்கள் நீரோடு முன்னே போய், பாதை குறுகும் முதல் இடத்தில் சிக்கியிருக்கும். பம்பின் வெளியேற்றக் குழாயின் வளைவு, கியர்பாக்ஸ் ஆயில் கூலரின் வாய், வெப்பப் பரிமாற்றியின் நுழைவுப் பக்கம் ஆகிய மூன்று இடங்களிலும் தேடி, கிடைத்த துண்டுகளை இம்பெல்லரின் எஞ்சிய உடலோடு சேர்த்து வைத்து, முழு வடிவம் வருகிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருமுறை நான் இப்படி எண்ணாமல் விட்ட இரண்டு துண்டுகள், அடுத்த பருவத்தில் முழு வேகத்தில் மட்டும் இன்ஜின் சூடாகும் விசித்திர நோயாக வெளிப்பட்டன. தெர்மோஸ்டாட்டை மாற்றி, கூலண்டை மாற்றி, பெல்ட்டையும் மாற்றிய பிறகுதான் பரிமாற்றியின் முனை மூடியைத் திறந்தேன். குழாய்களின் வாயில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

பம்பின் உடலில் உள்ள சிறு துளையிலிருந்து நீர் சொட்டுகிறது. அதை அடைத்துவிடலாமா?

அடைக்கக் கூடாது. அது கசிவைக் காட்டிக்கொடுப்பதற்காகவே வைக்கப்பட்ட துளை. பம்பின் அச்சில் ஒரு பக்கம் நீர் சீலும், மறுபக்கம் ஆயில் சீலும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே இந்தத் துளை இருக்கிறது. நீர் சொட்டினால் நீர் சீலும், எண்ணெய் சொட்டினால் ஆயில் சீலும் தேய்ந்துவிட்டன என்று பொருள். துளையை அடைத்தால், கசியும் கடல் நீர் பேரிங்கைத் தின்றுவிடும். இன்ஜினின் கியரோடு நேரடியாக இணைந்த பம்பாக இருந்தால் இன்ஜின் ஆயிலுக்குள்ளும் புகுந்துவிடலாம். சீல்களை மாற்றும்போது அச்சில் சீல் உதடு உரசிய இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புதிய சீலும் விரைவில் கசியும். அச்சையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வெப்பப் பரிமாற்றியில் இருக்கும் ஜிங்க் குச்சி எதற்கு? எத்தனை நாளுக்கு வரும்?

உப்பு நீரில் வெவ்வேறு உலோகங்கள் தொடர்பில் இருக்கும்போது, அவற்றுள் மின்வேதி வினையில் எளிதில் கரையக்கூடிய உலோகம் முதலில் அரிக்கப்படும். பரிமாற்றியின் செம்புக் கலவைக் குழாய்களுக்குப் பதிலாக அந்த அரிப்பை ஜிங்க் ஏற்றுக்கொள்கிறது. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். புதிய படகிலோ, நிறுத்துமிடம் மாறிய படகிலோ முதல் சில மாதங்கள் மாதம் ஒருமுறை கழற்றிப் பார்த்து, உங்கள் நீரில் அது கரையும் வேகத்தை அறிந்துகொள்ளலாம். ஓரிரு வாரங்களிலேயே தீர்ந்துபோனால் படகில் எங்கோ மின்கசிவு இருக்கக்கூடும்.

குச்சியின் திருகு மரையில் டெஃப்லான் நாடா சுற்ற வேண்டாம். ஜிங்குக்கும் பரிமாற்றிக்கும் இடையே மின்தொடர்பு இருந்தால்தான் அது வேலை செய்யும். உடைந்து உள்ளே தங்கிய பழைய துண்டுகளை எடுத்துவிடுங்கள். அவையும் நீரை மறிக்கும். எல்லாப் பரிமாற்றிகளிலும் ஜிங்க் இருப்பதில்லை என்பதால், தேடியும் கிடைக்காவிட்டால் கையேட்டைப் பார்க்கவும். உப்பில்லாத ஆற்று நீரிலும் ஏரியிலும் ஜிங்க் சரியாகச் செயல்படாது. அங்கே படகின் வெளிப்புற உலோகங்களைக் காக்க மக்னீசியம் பயன்படுத்துவார்கள்.

வெப்பப் பரிமாற்றியை எப்படிச் சுத்தம் செய்வது?

இரு முனை மூடிகளையும் கழற்றி, குழாய்களின் ஊடே விளக்கொளியைப் பாய்ச்சிப் பாருங்கள். ரப்பர்த் துண்டு, சிப்பி, ஜிங்கின் சிதறல் போன்றவைதான் அடைப்பு என்றால் அமிலம் தேவையே இல்லை. மரக் குச்சியோ பித்தளைக் கம்பியோ கொண்டு மெல்லத் தள்ளி, நீர் பாய்ச்சிக் கழுவினால் போதும். எஃகுக் கம்பி மெல்லிய குழாய்ச் சுவரைக் கீறிவிடும்.

வெள்ளையாகக் கெட்டிப்பட்ட சுண்ணப் படிவுக்குத்தான் அமிலம் வேண்டும். குழாய்க் கட்டைத் தனியே உருவி எடுக்க முடிகிற வடிவமானால், அதை மட்டும் சிட்ரிக் அமிலக் கரைசலிலோ, கடல் இன்ஜின்களுக்கென விற்கப்படும் சுண்ண நீக்கியிலோ ஊறவையுங்கள். குமிழிகள் எழுவது நின்றால், படிவு கரைந்து முடிந்திருக்கும் அல்லது அமிலம் தன் வலுவை இழந்திருக்கும். வலிய ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேகமாக வேலை செய்யும். அலுமினிய உறைகளையும் அதே வேகத்தில் தின்னும். உறை அலுமினியமா என்று உறுதியாகத் தெரியாதபோது அதன் பக்கமே போகாமல் இருப்பது என் வழக்கம். எந்த அமிலமானாலும் ஜிங்கை முன்பே கழற்றிவிடுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். காற்றோட்டமான இடத்தில், நீருக்குள்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்துக்குள் நீரை அல்ல. முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, பிறகு நல்ல நீரில் அலசுங்கள்.

மீண்டும் பூட்டும்போது ஓ-ரிங்குகள் புதியவையாக இருக்க வேண்டும். பழையவை பார்வைக்கு நன்றாகவே இருக்கும்; அமுங்கித் தட்டையாகிப்போனது பூட்டிய பிறகு கசிவாகத்தான் தெரியவரும்.

கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது. ஆனால் இன்ஜினுக்கு அடியில் ஒரு துளி ஈரமும் இல்லை. எங்கே போகிறது?

பெரும்பாலும் இரண்டு வழிகள். பரிமாற்றியின் குழாயில் துளை விழுந்திருந்தால், இன்ஜின் ஓடும்போது கூலண்டின் அழுத்தம் வெளிநீரின் அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருப்பதால், கூலண்ட் அத்துளை வழியே வெளிநீரில் கலந்து புகைக்குழாய் வழியாகப் போய்விடும். இன்ஜின் ஆறியபின் சில வேளை எதிர்த்திசையில் உப்பு நீர் உள்ளே வருவதும் உண்டு. கூலண்டின் நிறம் மங்கி, உலோகப் பாகங்களில் துரு தென்படுவது அதன் அறிகுறி. பரிமாற்றியைக் கழற்றி, கூலண்ட் பக்கத்தின் வாய்களை அடைத்து, அழுத்த மூடியில் பொறித்திருக்கும் அளவுக்குக் காற்றழுத்தம் கொடுத்து நீரில் அமிழ்த்தினால் குமிழிகள் துளையைக் காட்டிக்கொடுக்கும். அதைவிடக் கூடுதல் அழுத்தம் வேண்டாம்.

மற்றொரு வழி சிலிண்டர் ஹெட் கேஸ்கெட். இன்ஜின் ஓடும்போது விரிவுத் தொட்டியில் இடைவிடாமல் குமிழிகள் எழுந்தாலோ, ஆயில் அளவுகோலில் பால் கலந்தாற்போன்ற நிறம் தெரிந்தாலோ, அங்கே போக வேண்டும். ஆயிலில் நீர் கலந்த இன்ஜினை மேற்கொண்டு ஓட்டக் கூடாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கும் என்கிறார்களே?

பல இன்ஜின்களில் இது நேர்மாறாக முடியும். தெர்மோஸ்டாட் திறக்கும்போதே மாற்றுப்பாதை ஒன்றை மூடும் வகையில் அவை அமைந்திருக்கும். அதைக் கழற்றிவிட்டால் கூலண்டின் ஒரு பகுதி பரிமாற்றிக்குப் போகாமலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மாற்றுப்பாதை இல்லாத இன்ஜினிலோ வெப்பம் போதாமல் எரிபொருள் முழுமையாக எரியாது. புகைக்கரி படியும், சிலிண்டர் தேயும். துறைமுகம் சேரும் வரை வேறு வழியில்லாத நிலையில் அது ஒரு தற்காலிக ஏற்பாடாக இருக்கலாம், அவ்வளவே.

சோதிப்பது எளிது. பாத்திரத்து நீரில், அடியைத் தொடாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். அதன் மேல் பொறித்த வெப்பநிலைக்கு அருகில் திறக்கத் தொடங்கி, மேலும் 10 முதல் 15 டிகிரி ஏறுவதற்குள் முழுமையாகத் திறக்க வேண்டும்.

எந்தக் கூலண்டை ஊற்றுவது? வெறும் நீர் போதாதா?

வெறும் நீர் துருவைத் தடுக்காது, உறைந்தால் பிளாக்கை வெடிக்கச் செய்யும். எத்திலீன் கிளைக்கால் அடிப்படையிலான கூலண்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்தால், உறைநிலை சுமார் மைனஸ் 37 டிகிரிக்கு இறங்கும். கொதிநிலையும் 100 டிகிரியைத் தாண்டி உயரும், அழுத்த மூடி அதை இன்னும் உயர்த்தும். மூடியின் ரப்பர் விளிம்பு வெடித்திருந்தால் இந்த லாபத்தின் பெரும்பகுதி போய்விடும் என்பதால், மூடியும் ஒரு பாகமே என்று கருதி மாற்றுங்கள். கூலண்டை நிறம் பார்த்து வாங்க வேண்டாம். நிறத்துக்குப் பொதுவான தரம் கிடையாது. கையேடு குறிக்கும் வகையைப் பாருங்கள். இரு வகைகளைக் கலந்தால் துருத் தடுப்பான்கள் கெட்டு, சில வேளை கூழாகத் திரளும்.

நிரப்பிய பின் காற்று வெளியேற்றும் திருகுகளைத் திறந்து, நீர் தொடர்ச்சியாக வரும் வரை விட்டு மூடுங்கள். படகில் இன்ஜின் சூட்டால் வெந்நீர் தரும் தொட்டி இருந்தால், அதற்குச் செல்லும் குழாயின் உயரமான வளைவில்தான் காற்று அடைந்து நிற்கும். எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. அதன் இனிப்புச் சுவைக்கு நாய்களும் பூனைகளும் நக்கிவிடும். வடித்ததைப் படகின் அடியில் தேங்க விடாமல் கலனில் சேகரித்து அப்புறப்படுத்துங்கள்.

எக்ஸாஸ்ட் எல்போவை ஏன் எல்லோரும் சந்தேகிக்கிறார்கள்?

சூடான புகையும் உப்பு நீரும் முதன்முதலில் சந்திக்கும் இடம் அதுதான். உள்ளே கரியும் உப்பும் துருவும் சேர்ந்து கல்லைப் போல இறுகி, துளையை ஆண்டுக்கு ஆண்டு சுருக்கிவிடுகின்றன. புகை வெளியேற முடியாமல் இன்ஜின் வலுவிழக்கும், கரும்புகை விடும். நீர் வரும் துளை அடைபட்டால் சூடேறும். வெளியே வண்ணம் பூசி அழகாக நிற்கும் எல்போ உள்ளே காகிதம்போல மெலிந்திருக்கலாம். ஆகவே, கழற்றும்போது சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான ஓசையோ ஈரக் கசிவோ இருந்தால் அதைச் சுரண்டிப் பயனில்லை, புதியது வாங்குங்கள். உட்சுவர் துளைபட்டால் நீர் புகைவழி பின்னோக்கிச் சிலிண்டருக்குள் போகக்கூடும்.

இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை, பலமுறை முயன்றேன். இதற்கும் குளிர்விப்புக்கும் என்ன தொடர்பு?

ஸ்டார்ட்டர் சுழற்றும் ஒவ்வொரு முறையும் வெளிநீர்ப் பம்பும் சுழன்று நீரை எல்போவில் ஊற்றுகிறது. இன்ஜின் எரியாததால் அந்த நீரை வெளியே தள்ளப் புகை இல்லை. சைலன்சர் தொட்டி நிறைந்து, நீர் பின்னேறி, எக்ஸாஸ்ட் வால்வு வழியே சிலிண்டருக்குள் இறங்கிவிடும். ஆகவே இரண்டு மூன்று முயற்சிகளில் எரியாவிட்டால் கடல்நீர் வால்வை மூடிவிட்டு முயலுங்கள். எரிந்த அக்கணமே திறந்துவிடுங்கள்.

நிறுத்திய பிறகும் இதே ஆபத்து உண்டு. எல்போவில் நீர் புகும் இடம் நீர்மட்டத்துக்கு மேலே 15 முதல் 20 சென்டிமீட்டருக்கும் குறைவாகவோ, நீர்மட்டத்துக்குக் கீழாகவோ இருந்தால், சைஃபன் விசையால் கடல் தானாகவே உள்ளே வழியும். அதைத் தடுக்க, நீர்மட்டத்துக்கு நன்கு மேலே தூக்கி வளைத்த குழாயும் அதன் உச்சியில் காற்று வால்வும் வைப்பார்கள். அந்தச் சிறு வால்வு உப்பால் அடைபடும். ஆண்டுதோறும் கழற்றி வெந்நீரில் கழுவுங்கள்.

ஹோஸ்களையும் கிளிப்புகளையும் பற்றி?

உறிஞ்சும் பக்கத்து ஹோஸில் கம்பிச் சுருள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உறிஞ்சும் விசையில் அது சப்பிப்போகும். வெளியே திடமாகத் தெரியும் பழைய ஹோஸின் உள் அடுக்கு மட்டும் உரிந்து தொங்கி, வேகம் கூடும்போது பாதையை மறிப்பதும் உண்டு. பிசைந்து பார்க்கும்போது மொறமொறப்பதோ, ஓரிடத்தில் மட்டும் மென்மையாக இருப்பதோ மாற்றுவதற்குப் போதுமான காரணம். நீர்மட்டத்துக்குக் கீழே, குழாய் முனை இடம்கொடுத்தால், இரண்டு கிளிப்புகள் போடுங்கள். பட்டை துருப்பிடிக்காத எஃகாகவும் திருகு சாதாரண எஃகாகவும் உள்ள மலிவுக் கிளிப்புகளைக் காந்தம் காட்டிக்கொடுக்கும்.

எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன், முழு வேகத்தில் மட்டும் இன்னும் சூடாகிறது.

அப்படியானால் குளிர்விப்பு அமைப்பை விட்டு வெளியே வாருங்கள். அடிப்பகுதியில் சிப்பி மண்டிய படகும், ப்ரொப்பெல்லரில் சுற்றிய கயிறும், தேவைக்கு மேல் பெரிய ப்ரொப்பெல்லரும் இன்ஜின் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றுகின்றன. கரும்புகை விடுவதும், இன்ஜின் தனக்குரிய உச்சச் சுழல்வேகத்தை எட்டாமல் நிற்பதும் அதன் அடையாளங்கள். வெப்பமானியே பொய் சொல்வதும் உண்டு. அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றைத் தெர்மோஸ்டாட் உறையின் மேல் காட்டிச் சரிபார்த்த பிறகே அடுத்த பாகத்துக்குப் பணம் செலவிடுங்கள்.

படகில் எப்போதும் எவற்றைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும்?

இரண்டு இம்பெல்லர்கள், அவற்றுக்குரிய கேஸ்கெட் அல்லது ஓ-ரிங், ஒரு பெல்ட், தெர்மோஸ்டாட்டும் அதன் கேஸ்கெட்டும், பல அளவுகளில் கிளிப்புகள், கலந்து வைத்த கூலண்ட். இவற்றைத் திறக்கும் கருவிகளும் அதே பெட்டியில் இருக்கட்டும். இம்பெல்லரை வாங்கி வந்த அன்றே பம்பைத் திறந்து அது பொருந்துகிறதா என்று பார்த்து வையுங்கள். ஒரே இன்ஜின் மாதிரியிலும் பம்புகள் வேறுபடுவதுண்டு.